வேறு முதலீட்டாளருக்கு விற்க முடியாத முதலீடுகள் எவை? அவற்றில் பணம் போடலாமா?

தாராளமாகப் போடலாம். ஆனால் பணம் போடும் முன்பே, அதை எப்படி வெளியே எடுப்பது என்ற விதியைப் படித்துவிடுங்கள்.

பங்குகளைச் சந்தையில் யாருக்காவது விற்றுவிடலாம். தபால் நிலையத்து என்எஸ்சி (தேசிய சேமிப்புப் பத்திரம்), பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி), மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், வங்கி எஃப்டி (நிலை வைப்பு) இவையெல்லாம் அப்படியில்லை. போட்ட இடத்தில்தான் திரும்ப வாங்க முடியும், அதுவும் அவர்கள் விதிப்படி.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. நாட்டில் வட்டி ஏறினால், சந்தையில் விற்கும் பழைய கடன் பத்திரங்களின் விலை இறங்கும். என்எஸ்சிக்கும் மூத்த குடிமக்கள் திட்டத்துக்கும் சந்தை விலையே கிடையாது. சொன்ன வட்டி சொன்னபடி வரும். என் அம்மா ஓய்வுப் பணத்தை நிம்மதியாக வைத்திருப்பது இதனால்தான்.

அம்மா போட்டிருப்பது மூத்த குடிமக்கள் திட்டம். ஓராண்டுக்குள் மூடினால் வட்டியே கிடையாது, வாங்கிய வட்டியையும் அசலில் கழித்துக்கொள்வார்கள். இரண்டு ஆண்டுக்குள் என்றால் அசலில் 1.5%, அதற்குப் பிறகு 1% பிடிப்பார்கள். பிபிஎஃப் 15 ஆண்டு. 3ஆவது நிதியாண்டிலிருந்து கடன் வாங்கலாம், 7ஆவதிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம்.

என்எஸ்சிதான் கறார். வைத்திருப்பவர் இறந்தாலோ நீதிமன்றம் உத்தரவிட்டாலோ தவிர, 5 ஆண்டுக்கு முன்னால் சாதாரணமாகப் பணம் கைக்கு வராது. ஆனால் வங்கியில் அடகு வைக்கலாம். அக்கா மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். படிவத்தில் வங்கியின் ஒப்புதல் வாங்கித் தபால் நிலையத்தில் கொடுத்தால், வங்கி பெயரில் ஈடாகப் பதிந்து தருவார்கள். கடன் ஒரு பக்கம் ஓட, பத்திரத்தின் வட்டி மறுபக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. முதிர்வுக்கு முன்பே கடனை அடைத்து மீட்டோம்.

எல்லாவற்றையும் இப்படி அடகு வைக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நிலமோ வீடோ விற்ற லாபத்துக்கு வரி கட்டாமலிருக்க வாங்கும் 54ஈசி பத்திரங்கள் (ஆர்இசி, பிஎஃப்சி போன்ற அரசு நிறுவனங்கள் வெளியிடுபவை) 5 ஆண்டு அசையாது. விற்க முடியாது. அதை ஈடாக வைத்துக் கடன் வாங்கினாலே பணமாக்கியதாகக் கணக்கு வைத்து, தப்பிய வரி அந்த ஆண்டே திரும்ப வந்துவிடும். அவசரத்துக்கு வேறு பணம் இல்லாதவர்கள் விற்ற தொகை மொத்தத்தையும் அதில் போட வேண்டாம். ஒரு பகுதிக்கு வரியைக் கட்டிவிட்டு, மீதியை எஃப்டியில் வைப்பது மேல்.