கிராங்கு இருக்கப் பல்சக்கரம் எதற்கு?

கேள்வி: சிட்னி பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் 1785ஆம் ஆண்டு நீராவி இயந்திரம் ஒன்றைக் கண்டேன். அதன் மேலே ஏறி இறங்கும் பெரிய உத்தரமான துலாவின் ஒரு முனையிலிருந்து இறங்கும் தண்டின் அடியில் கிராங்கு (ஏறி இறங்கும் அசைவைச் சுழற்சியாக மாற்றும், அச்சோடு இணைந்த கை) இல்லை. ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுற்றி வருகிறது. இந்தச் சுற்றுவழி எதற்காக?
– ஒரு வாசகர், கோவை

பதில்: காப்புரிமைச் சட்டத்தைச் சுற்றிச் செல்வதற்காக. லண்டன் சிஸ்வெல் தெருவில் இருந்த விட்பிரெட் பீர் ஆலையில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) அரைப்பது முதலான வேலைகளுக்காக போல்டன்–வாட் நிறுவனத்தார் செய்தளித்த இயந்திரம் அது. 1887 வரை அங்கேயே உழைத்தது. 1712இல் நியூகமன் அமைத்த இயந்திரம் முதற்கொண்டு, நீராவி இயந்திரம் என்றாலே பெரும்பாலும் சுரங்கத்து நீரை இறைக்கும் பம்பு என்றுதான் பொருள். நம் ஊர் ஏற்றத்தைப் போல அதன் துலா ஏறி இறங்கினால் போதுமானதாக இருந்தது. ஆலைகளுக்கோ சுழலும் அச்சு தேவைப்பட்டது. அதற்குரிய எளிய வழியான கிராங்கை நீராவி இயந்திரத்தில் பொருத்தும் உரிமையை 1780இல் ஜேம்ஸ் பிக்கார்ட் பெற்றுவிட்டார். காலால் மிதித்து ஓட்டும் கடைசல் பட்டறையில் காலங்காலமாக இருந்துவரும் ஓர் உறுப்புக்கு உரிமை வழங்கியது, என் பார்வையில், சற்று விந்தையானதே.

ஆகவே அந்நிறுவனத்தின் ஜேம்ஸ் வாட் 1781இல் சுழற்சிக்கு ஐந்து மாற்று வழிகளைப் பதிவு செய்தார். அவற்றுள் நிலைத்தது, அவரிடம் பணியாற்றிய வில்லியம் மர்டாக்கின் யோசனை எனக் கருதப்படும் 'சூரியன்–கோள்' பல்சக்கர அமைப்பு. கோள் சக்கரம் தண்டோடு இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால் அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ள இயலாது; ஆகவே, சுற்றி வரும்போது நடுவிலுள்ள சூரியச் சக்கரத்தைப் பற்களால் தள்ளிச் சுழற்றுகிறது. இரண்டிலும் பற்கள் சம எண்ணிக்கையில் இருந்தால், துலா ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் அச்சு இரண்டு சுற்று முடித்துவிடும். மெதுவாக அசையும் அந்நாளைய இயந்திரத்துக்கு இது எதிர்பாராத ஆதாயம்: வேகம் இரட்டித்தால் ஃப்ளைவீலில் (ஓட்டத்தைச் சீராக்க அச்சில் பொருத்தும் கனத்த சக்கரம்) சேரும் ஆற்றல் நான்கு மடங்காவதால், இலகுவான சக்கரமே ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும். 1794இல் பிக்கார்டின் உரிமை காலாவதியான பிறகு கிராங்கு எங்கும் பரவிவிட்டது.

கேள்வி: துலாவின் முனை வில்போல வளைந்து நகர்கிறது, பிஸ்டன் தண்டோ நேராக ஏறி இறங்குகிறது. தண்டு வளையாதா?
– அதே வாசகர்

பதில்: பிஸ்டன் கீழ்நோக்கி இழுக்க மட்டுமே செய்த காலத்தில், துலாவின் வளைந்த தலைமீது படியும் சங்கிலியே போதுமானதாக இருந்தது. பிஸ்டனின் இருபுறமும் நீராவி அழுத்தத் தொடங்கியபின் தண்டு மேல்நோக்கித் தள்ளவும் வேண்டியதாயிற்று; சங்கிலியால் தள்ள முடியாதல்லவா? 1784இல் வாட் பதிவு செய்த இணைத்தண்டு அமைப்பில், துலா ஒரு பக்கமும் சட்டத்தில் பொருத்திய துணைத்தண்டு எதிர்ப்பக்கமும் வளைந்து செல்ல, அவ்விரண்டையும் இணைக்கும் சிறு தண்டின் இடையில் ஒரு புள்ளி ஏறத்தாழ நேர்க்கோட்டில் நகரும். அந்த நகர்வைத்தான் ஓர் இணைகரச் சட்டம் பெரிதாக்கிப் பிஸ்டன் தண்டுக்குக் கொடுக்கிறது. தம் கண்டுபிடிப்புகளுள் இதைப் பற்றியே மிகவும் பெருமை கொள்வதாக வாட் முதுமையில் எழுதியிருக்கிறார். அடுத்த முறை செல்லும்போது, சிலிண்டருக்கு மேலே துலாவின் முனையில் தொங்கும் அந்தச் சட்டங்களைச் சற்று நேரம் நின்று பாருங்கள்.