தள்ளுபடியின் விலை

கேள்வி: என் மகனுக்குப் பயணிகள் விமானம் ஓட்டும் பைலட்டாக வேண்டும் என்று ஆசை. மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி, படித்து முடித்ததும் வேலைக்கும் வழி செய்கிறோம் என்கிறது பயிற்சிப் பள்ளி. வீட்டை அடமானம் வைத்துக் கட்டுவதா, கல்விக் கடன் வாங்கிக் கட்டுவதா?

பதில்: இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே முழுப் பணமும் உங்கள் கையை விட்டுப் போகிறது. நான் பயப்படுவது அதற்குத்தான்.

தள்ளுபடியைச் சலுகை என்று நினைத்துவிட்டீர்கள். நீங்கள் பள்ளிக்குக் கடன் கொடுக்கிறீர்கள், அந்த 10 சதவீதம் அவர்கள் தரும் வட்டி. பழைய மாணவனின் எரிபொருள் பாக்கியைப் புது மாணவனின் பணத்தில் அடைக்கும் பள்ளிகள் உண்டு. அப்படி ஒரு பள்ளி நொடித்துப் போனால் வங்கிக்கும் விமானத்தை வாடகைக்குக் கொடுத்தவருக்கும் போக மிச்சமிருந்தால்தான் மாணவனுக்கு. பெரும்பாலும் மிச்சம் இருக்காது. பிரிட்டனில் 2023-இல் பயிற்சிப் பள்ளிகள் மூடப்பட்டபோது பாதிப் படிப்பில் நின்றவர்கள் இதை அனுபவித்தார்கள். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகக் கட்டுங்கள்: பறந்து முடித்த மணி நேரத்துக்கும், வரப்போகும் சில வாரங்களுக்கும் மட்டும். கடன் வாங்கினாலும் வங்கியிடமிருந்து தவணை தவணையாகவே எடுங்கள். எடுக்காத பணத்துக்கு வட்டி ஓடாது.

வட்டி என்றதும் ஒன்று. ‘படிக்கும்வரை தவணை கட்ட வேண்டாம்’ என்று வங்கி சொல்லும். தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை. 100 வாங்கி மூன்று ஆண்டு சும்மா விட்டால், ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டு வட்டியில் அது 133 ஆகி நிற்கும். முதல் தவணை கட்டும் முன்பே மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடுகிறது.

அடுத்து, பள்ளி சொன்ன தொகை. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அனுமதிக்கும் கமர்ஷியல் லைசென்சுக்குச் சர்வதேச விதி கேட்பது 200 மணி நேரப் பறத்தல், அங்கீகாரம் பெற்ற தொடர் படிப்பில் 150. இது குறைந்தபட்சம். விளம்பரத்தில் வருவது இதற்கான விலைதான். வானிலை கெட்டு ஒரு மாதம் பறக்காமல் இருந்த பையனுக்கு மறந்ததை மீட்கவே சில மணி நேரம் தேவைப்படும். தேர்வில் தவறினால் மறு தேர்வுக் கட்டணம், விமான வாடகை, பயிற்சியாளர் ஊதியம். கையிருப்பாகக் கொஞ்சம் ஒதுக்காமல் தொடங்கியவர்கள் கடைசிப் படியில்தான் திணறுகிறார்கள்; அரைகுறை லைசென்சுக்கு எந்த மதிப்பும் இல்லை.

லைசென்ஸ் வந்தபின்னும் ஏர்பஸ் 320-லோ போயிங் 737-லோ உட்கார முடியாது. அந்தந்த விமானத்துக்கு டைப் ரேட்டிங் என்று தனிப் பயிற்சி, தனிச் செலவு. சில நிறுவனங்கள் தாங்களே செலவழித்து, இத்தனை ஆண்டு விலகக் கூடாது என்று பத்திரம் எழுதி வாங்கும். சில உங்களையே கட்டச் சொல்லும். வேலை உத்தரவு கையில் இல்லாமல் டைப் ரேட்டிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். வாங்கிவைத்தாலும் அது சும்மா நிலைக்காது: கடைசி 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை மேலெழுப்பித் தரையிறக்காதவர் பயணிகளை ஏற்ற முடியாது. தகுதியை ஆண்டுதோறும் சோதனையில் நிரூபிக்க வேண்டும். வேலைக்குக் காத்திருக்கும் பைலட் காத்திருப்பதற்கே செலவழிக்கிறார். 2020-இல் படிப்பை முடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அனுபவமுள்ளவர்களையே நிறுவனங்கள் வீட்டுக்கு அனுப்பிய ஆண்டு அது.

ஆகவே வீட்டைப் பற்றி என் பதில்: மகனுக்கு இரண்டு ஆண்டு சம்பளமே வரவில்லை என்று வைத்துக்கொண்டு, உங்கள் சொந்த வருமானத்தில் எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவுக்குமேல் அடமானம் வேண்டாம். அது போதவில்லையா? கையிலிருக்கும் பணத்தில், சம்பளம் வாங்காமல் சொந்தமாகப் பறக்க மட்டும் அனுமதிக்கும் பிரைவேட் லைசென்சை முடிக்கட்டும். பிறகு வேறு வேலை பார்த்துக்கொண்டே பறந்த மணி நேரத்தைச் சேர்த்து, அடுத்தடுத்த தகுதிகளை ஒவ்வொன்றாக எடுக்கட்டும். மெதுவான வழிதான். நடுவில் ஆசை வடிந்துவிட்டால் வீடாவது மிஞ்சும். ‘வேலைக்கு வழி’ என்பதை ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்களா, பாதியில் விலகினால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பும் என்று எழுதுவார்களா என்றும் கேளுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன், மறக்காமல் இருக்க. உங்கள் கடிதத்தில், பயணிகள் விமானம் ஓட்டக் கட்டாயமான முதல் வகுப்பு மருத்துவச் சான்று பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நிறப் பார்வையில் குறை, இதயத் துடிப்பில் ஒரு கோளாறு என்று ஏதாவது இருந்தால் கதை அங்கேயே முடியலாம். பரிசோதனைக்கு இந்த வாரமே நாள் வாங்குங்கள். முடிவு வரும்வரை பள்ளிக்குப் பதில் சொல்லாதீர்கள். தள்ளுபடி மாதக் கடைசியோடு முடிகிறது என்று தொலைபேசி வரும். முடியட்டும்.