வரலாற்றை விட்டு அறிவியலுக்கு மாறலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வரலாறு பட்டப்படிப்பில் மூன்றாவது செமஸ்டரில் இருக்கிறேன். பாடம் பிடித்துத்தான் படிக்கிறேன். ஆனால் சீனியர்கள் வேலைக்கு அலைவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. உயிரியலோ கணினி அறிவியலோ, எது கிடைத்தாலும் மாறிவிடலாம் என்று நினைக்கிறேன். பள்ளியில் கணக்கு சுமாராக வரும். மாறலாமா?

"எது கிடைத்தாலும்" என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அறிவியல் என்று ஒரே ஒரு வேலை கிடையாது. இளநிலை உயிரியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைப்பது ஆய்வக உதவியாளர், மாதிரி பரிசோதனை, தரக் கட்டுப்பாடு போன்ற பணிகள். ஆராய்ச்சிக்கு முதுநிலையும் முனைவர் பட்டமும் வேண்டும். கணினி அறிவியலும் புள்ளியியலும் இளநிலையோடு வேலைக்குப் போக ஓரளவு நேரான வழி. மேலே படிக்கும் எண்ணம் இல்லாமல் வரலாற்றிலிருந்து உயிரியலுக்குத் தாவினால், ஒரு வரிசையிலிருந்து விலகி இன்னொரு வரிசையின் கடைசியில் நிற்க நேரலாம்.

ஆகவே முதல் வேலை, விண்ணப்பம் எழுதுவதல்ல. நீங்கள் போக விரும்பும் பணிக்கான தொடக்கநிலை வேலை விளம்பரங்கள் முப்பதைச் சேகரியுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: கேட்கும் பட்டம், கேட்கும் திறன், கேட்கும் அனுபவம். "ஏதேனும் ஒரு பட்டம்" என்று இருப்பவற்றைத் தனியாகக் குறியுங்கள். பாதிக்கு மேல் அப்படி இருந்தால், உங்களிடம் குறைவது பட்டமல்ல. எக்செல், எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்க உதவும் கணினி மொழி), புள்ளியியல் போன்ற திறன்தான். அதற்குத் துறை மாறத் தேவையில்லை. இரண்டு மூன்று விருப்பப் பாடங்கள் போதும்.

குறிப்பிட்ட அறிவியல் பட்டத்தைத்தான் கேட்கிறார்கள் என்றால், அடுத்து காலக் கணக்கு. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மீதமுள்ள கிரெடிட்டை, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் அலகுகளை, எண்ணுவார்கள், பாடங்களின் சங்கிலியை எண்ண மாட்டார்கள். உதாரணத்துக்கு வேதியியல்: பொது வேதியியல் ஒன்று, இரண்டு, பிறகு கரிம வேதியியல் ஒன்று, இரண்டு, அதன் பிறகு உயிர்வேதியியல். ஒன்றில் தேறினால்தான் அடுத்தது. கிரெடிட் கணக்கில் மூன்று செமஸ்டரில் முடியும் என்று தெரிந்தாலும், ஐந்து கண்ணிகள் இருந்தால் ஐந்து செமஸ்டர்தான். கணினி அறிவியலிலும் நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம் என்று இதே கதை. சில பாடங்களை ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள். அதில் தோற்றால் முழு ஆண்டு போகும். புதிய துறையின் முழுப் பாடப் பட்டியலை வாங்கி, எது எதற்கு முன்தேவை என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். மிக நீளமான சங்கிலிதான் உங்கள் உண்மையான காலம்.

முடித்த வரலாற்றுப் பாடங்கள் வீணாகாது என்று சொல்வார்கள். பெரும்பாலும் அவை விருப்பப் பாடக் கணக்கில்தான் சேரும், அந்தக் கணக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. எத்தனை சேரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாடத்தின் வகையையும் அப்போதே கேளுங்கள். பல கல்லூரிகளில் கால்குலஸும் (நுண்கணிதம்) இயற்பியலும் இரண்டு வகையாக நடக்கும். வணிகவியல் மாணவர்களுக்கான எளிய கால்குலஸைப் படித்துவிட்டுப் போனால் அறிவியல் துறை ஏற்காது, மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லும்.

கணக்கு சுமார் என்கிறீர்கள். கால்குலேட்டர் இல்லாமல் சோதித்துப் பாருங்கள்: எட்டில் மூன்றையும் பன்னிரண்டில் ஐந்தையும் கூட்டுங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு எத்தனை மீட்டர்? 2-ஐ எத்தனை முறை பெருக்கினால் 32 வரும்? ஓர் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்துங்கள். ஒரு நேர்கோட்டின் சாய்வைச் சொல்லுங்கள். கால்குலஸில் தோற்பவர்களில் பலர் கால்குலஸில் தோற்பதில்லை, பின்னத்திலும் இயற்கணிதத்திலும் வழுக்குகிறார்கள். தடுமாறினால் விடுமுறையில் தினம் ஒரு மணி நேரம், ஆறு முதல் எட்டு வாரம் கையால் போட்டுப் பழகிவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் செமஸ்டரில் ஒரு கணிதம், ஆய்வகத்தோடு ஒரே ஓர் அறிவியல் பாடம், இருக்கும் வரலாற்றுப் பட்டத்துக்கும் உதவும் ஒன்றிரண்டு பாடங்கள், அவ்வளவே. மூன்று கிரெடிட் பாடத்துக்கு வாரத்தில் வகுப்பு மூன்று மணி நேரம், வெளியே இன்னும் ஆறு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. ஆய்வகம் இதில் அடங்காது. ஒரே கிரெடிட் என்று போட்டிருக்கும், ஆனால் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், பிறகு அறிக்கை எழுத வேண்டும். இரண்டு ஆய்வகங்களை ஒன்றாக எடுத்தவர்கள் இதில்தான் மூச்சுமுட்டிப் போகிறார்கள். முதல் மதிப்பெண் வரும்வரை வரலாற்றுத் துறையிலிருந்து பெயரை எடுக்காதீர்கள். உதவித்தொகை துறையோடு கட்டப்பட்டதா, கூடுதல் ஆண்டுக்கும் தொடருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகள் இலக்கியம் இறுதியாண்டு படிக்கிறாள். இப்போதாவது மாறச் சொல்லலாமா?

வேண்டாம் அம்மா. கைக்கெட்டிய பட்டத்தை விட்டுவிட்டு முதலாண்டுக்குத் திரும்புவது மிகச் செலவான வழி. முடிக்கட்டும். பிற துறைப் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்ளும் ஓராண்டு, ஈராண்டு முதுநிலைப் படிப்புகள் கணினி, தரவு ஆய்வு போன்றவற்றில் உண்டு. அவற்றுக்கு என்ன கணிதம் கேட்கிறார்கள் என்று பார்த்து, கடைசி செமஸ்டரின் விருப்பப் பாடமாக ஒரு புள்ளியியலை எடுத்துவைக்கட்டும். முதலில் அவளுக்கு இதில் விருப்பம் உண்டா என்று கேட்டீர்களா?

கேள்வி: கலைப் பிரிவில் தொடங்கி அறிவியலில் சாதித்தவர்கள் உண்டா?

உண்டு. லூயி டி பிராய் முதலில் பெற்றது வரலாற்றுப் பட்டம், 1929-இல் இயற்பியல் நோபல். எட்வர்ட் விட்டன் இளநிலையில் வரலாறு படித்தவர், 1990-இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். ஹெரால்ட் வார்மஸ் ஆங்கில இலக்கியத்தில் முதுநிலை முடித்தபின் மருத்துவம் படித்து, 1989-இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் இந்தப் பெயர்களைக் காட்டி வீட்டில் வாதாடாதீர்கள். வாதம் எடுபடாது, எடுபடவும் கூடாது.

கேள்வி: சமூகவியலிலிருந்து இயற்பியலுக்கு மாறினேன். முதல் இடைத்தேர்வில் 38 மதிப்பெண். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. திரும்பிவிடலாமா?

"படிக்கும்போது புரிகிறது" என்பதே நோய்க்குறி. தீர்வைக் கண்ணால் படித்தால் யாருக்கும் புரியும். கலைப் பாடங்களில் கைகொடுத்த வாசிப்புப் பழக்கம் இங்கே ஏமாற்றிவிடும். புத்தகத்தை மூடிவிட்டு அதே கணக்கை வெறுந்தாளில் போடுங்கள், மறுநாளும் ஒரு முறை போடுங்கள். பயிற்சிக் கணக்குகளைக் கொடுத்த அன்றே தொடங்குங்கள், கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். விடைத்தாளை எடுத்து, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: இயற்கணிதப் பிழை, அலகுப் பிழை, நேரம் போதவில்லை, கருத்தே தெரியவில்லை. முதல் மூன்றும் பழகினால் தீரும். நான்காவதே அதிகம் என்றால், மதிப்பெண் பட்டியலில் தோல்வி விழாமல் பாடத்திலிருந்து விலகக் கடைசித் தேதி எது என்று இன்றே அலுவலகத்தில் கேளுங்கள். ஆசிரியரை அந்தத் தேதிக்குள் போய்ப் பாருங்கள்.