வரிசை ஒன்றல்ல, பல: வண்டி புக்கிங் கேள்வி-பதில்

கேள்வி: எஸ்யூவி ஒன்றை புக் பண்ணி ஏழு மாதம் ஆகிறது. எனக்குப் பின்னால் புக் பண்ணிய பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்து வந்துவிட்டார். ஷோரூமில் கேட்டால் “பேக்லாக் சார், புக் ஆகியும் கொடுக்காத வண்டி நிறைய பாக்கி” என்கிறார்கள். வரிசை என்றால் வரிசைதானே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இது ரேஷன் கடை வரிசை இல்லை. தொழிற்சாலைக்குள் நீங்கள் ஒரு மனிதரே இல்லை. டீசல், ஆட்டோமேட்டிக், டாப் வேரியண்ட், கறுப்பு, இந்த டீலர் என்ற ஒரு சேர்க்கை, அவ்வளவுதான். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனி வரிசை ஓடும், அதில் ஒன்று மாதம் முழுக்க நகராமலே கிடக்கலாம்.

மஹிந்திராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபர் 7-ம் தேதி எக்ஸ்யூவி 700-க்கு புக்கிங் திறந்த 57 நிமிடத்தில் 25,000 பேர் பணம் கட்டிவிட்டார்கள். ஆனால் வண்டியின் எலெக்ட்ரானிக்ஸை இயக்கும் சிப்புக்குத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த நேரம் அது. புனே பக்கம் சாக்கனில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து முதல் ஒரு லட்சம் வண்டி வெளியே வர 2023 நடுப்பகுதி ஆகிவிட்டது. அடுத்த லட்சத்துக்கோ ஒரு வருடம்தான். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அந்தக் கம்பெனியின் மொத்த எஸ்யூவி பாக்கி சுமார் 2.66 லட்சம், அந்த மாதம் விற்றது சுமார் 30,000. வகுத்தால் ஒன்பது மாதம் வரும். இந்தச் சராசரியை நம்பித்தான் பலர் ஏமாந்தார்கள், ஏனென்றால் சிலருக்கு சில வாரத்திலேயே வந்தது, டாப் மாடல் கேட்டவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். சிப் அதிகம் தேவைப்படுவது வசதிகள் நிறைந்த டாப் மாடலுக்குத்தானே!

ஒரே ஒரு பாகம் வராவிட்டாலும் வண்டி முழுமையாகாது. 2022-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கிட்டத்தட்ட 95,000 வண்டிகளைப் பாதி முடித்து, சில பாகங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தது. ஜப்பானில் டொயோட்டா, சிப்பை மிச்சம்பிடிக்க, இரண்டு ஸ்மார்ட் சாவி தரவேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் கொடுத்து, இரண்டாவதாகச் சாதாரண சாவியை நீட்டியது. (எனக்கு அதுவே போதும், சாவி தொலைப்பதில் நான் மன்னன்.)

அப்புறம், பாக்கிக் கணக்கே கொஞ்சம் ஊதிப்போனதுதான். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் என்பதால் இரண்டு மூன்று இடத்தில் புக் பண்ணி வைப்பவர்கள் உண்டு. ஒன்று வந்ததும் மற்றதை கேன்சல் செய்வார்கள், வரிசை திடீரென்று சுருங்கும்.

அதனால் “எனக்கு முன்னால் எத்தனை பேர்?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். “என் வேரியண்டில், என் கலரில், உங்களுக்கு மாதம் எத்தனை வண்டி அலாட் ஆகிறது? போன மாதம் எத்தனை வந்தது?” என்று கேளுங்கள். சேல்ஸ் பையன் கம்ப்யூட்டரை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டினால் நல்ல ஷோரூம். என் நண்பர் ஒருவர் கறுப்பை விட்டு வெள்ளைக்கு மாறினார், பதினைந்து நாளில் சேசிஸ் நம்பர், அதாவது அவருக்கென்று ஒதுக்கிய வண்டியின் அடையாள எண், வந்துவிட்டது. அந்த நம்பர் வராதவரை எவ்வளவு உறுதியாகத் தேதி சொன்னாலும் அது வெறும் வாய்வார்த்தைதான்.

கேள்வி: காத்திருக்கும்போது விலை ஏறினால் பழைய விலைக்கே தருவார்களா? (அதே வாசகர்)

பதில்: பெரும்பாலும் மாட்டார்கள். டெலிவரி அன்றைய விலைதான் என்று புக்கிங் படிவத்தில் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். மஹிந்திராவின் இன்னொரு எஸ்யூவியான ஸ்கார்பியோ-என் வந்தபோது அறிமுக விலையே முதல் 25,000 பேருக்கு மட்டும்தான். 2022 ஜூலையில் புக்கிங் திறந்ததும் அந்த 25,000 இடமும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.