நைட்ரைட் இன்னும் ஊதாவாகவே நிற்கிறதே?

கேள்வி: மீன் விடாமல், அமோனியம் குளோரைடு மட்டும் ஊற்றிப் புதிய கடல்நீர்த் தொட்டியைச் சைக்கிளிங் செய்கிறேன் (அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை வளர்க்கிறேன்). ஒரு மாதம் ஆகிறது. அமோனியா மறுநாளே பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. உடனே மறுபடி ஊற்றுகிறேன். நைட்ரைட் மட்டும் சோதனைக் கிட்டின் நிற அட்டையில் கடைசிக் கட்டத்து ஊதாவிலிருந்து இறங்க மறுக்கிறது. நைட்ரேட்டோ கடும் சிவப்பு. காலையும் மாலையும் எல்லாவற்றையும் சோதிக்கிறேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டுமா?

பதில்: கொட்டாதீர்கள். தொட்டியில் கோளாறு இல்லை. உங்கள் அட்டையின் அளவுதான் தீர்ந்துபோய்விட்டது.

கணக்கைப் பாருங்கள். 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அமோனியா முழுவதும் நைட்ரைட்டாக மாறினால் 5 பிபிஎம்முக்கு மேல் வரும். பல கிட்களில் அட்டையே 5-இல் முடிந்துவிடுகிறது. நீங்களோ தினமும் ஊற்றியிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது 10-ஆ 40-ஆ என்பதை அந்த அட்டையால் சொல்லவே முடியாது. இரண்டுக்கும் ஒரே ஊதாதான். நாற்பதிலிருந்து பத்துக்கு இறங்கியிருந்தாலும் உங்கள் கண்ணுக்கு அது நின்ற இடத்தில் நிற்பதாகவே தெரியும்.

ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சை எடுங்கள். தொட்டி நீர் அரை மில்லி, அதே உப்புத்தன்மையில் புதிதாகக் கலக்கிய கடல்நீர் நாலரை மில்லி. இந்த ஐந்து மில்லியைச் சோதித்து, வருகிற எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். இன்னோர் அடையாளமும் உண்டு. மருந்துத் துளி விழுந்த நொடியிலேயே ஊதா சுருள் சுருளாகக் குழாயின் அடிக்கு இறங்கினால் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டாம்; அளவு அட்டையைத் தாண்டிவிட்டது என்று குறித்துக்கொண்டு குழாயைக் கழுவிவிடலாம்.

நைட்ரேட் பாட்டிலை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். அந்தச் சோதனை நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி, பிறகுதான் நிறம் காட்டுகிறது. ஏற்கெனவே நீரில் கிடக்கும் நைட்ரைட்டும் அதில் சேர்ந்து சிவக்கும். நீங்கள் பார்த்த கடும் சிவப்பில் எவ்வளவு நைட்ரேட் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அமோனியா ஊற்றுவதையும் நிறுத்துங்கள். நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா பிந்தித்தான் பெருகும். அதன் முன்னால் மலையாகக் குவிக்க வேண்டாம். தினம் இரண்டு வேளைச் சோதனை பாட்டிலைத்தான் காலி செய்யும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். கால்சியம், மக்னீசியம் எல்லாம் பவளம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். காரத்தன்மையை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஒவ்வொரு 2 பிபிஎம் அமோனியாவும் அரை டிகேஹெச்சுக்கு (காரத்தன்மையின் அலகு) மேல் அதைக் குறைக்கிறது. அது வற்றினால் பிஹெச் சரியும், பாக்டீரியாவும் மந்தமாகும். ஆவியாகிற நீருக்கு ஈடாக உப்பில்லாத நீரை ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை.

கேள்வி: எத்தனை முறை பார்த்தாலும் அமோனியா 0.25 என்றே காட்டுகிறது. பூஜ்யத்தைக் காட்டும் முழு மஞ்சள் வருவதே இல்லை.

பதில்: எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள்? தொட்டியின் நீல விளக்கடியில் மஞ்சளும் பச்சையாகத்தான் தெரியும். பகலில் ஜன்னலருகே, வெள்ளைத்தாளை ஒட்டி வைத்துப் பாருங்கள். நன்னீருக்கும் கடல்நீருக்கும் தனித்தனி அட்டை கொடுக்கும் கிட்கள் உண்டு. சரியானதை எடுத்தீர்களா என்றும் பாருங்கள். குழாயை அதன் மூடியால் மூடிக் குலுக்குங்கள், கட்டைவிரலால் அல்ல. விரலின் வியர்வையும் சோதனைக்குள் போய்விடும். இத்தனையும் செய்த பிறகும் லேசான பச்சை நின்றால் நான் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். 2 பிபிஎம்மாக இருந்தது ஒரே நாளில் அடிக்கு வந்ததா என்பதுதான் எனக்கு முக்கியம்.

கேள்வி: பாட்டில் பாக்டீரியா ஊற்றி ஒரு வாரம் ஆகிறது. காய்ந்த பாறைதான் போட்டிருக்கிறேன். முதல் நாளிலிருந்தே அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். மீன் வாங்கலாமா?

பதில்: அமோனியா எதையாவது ஊற்றினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒன்றும் போடாத தொட்டியில் பூஜ்யம் வருவதில் என்ன அதிசயம்!

வாசனையோ நுரையோ இல்லாத தூய அமோனியம் குளோரைடு வாங்குங்கள். நம் நவச்சாரம்தான் அது. ஆனால் உலோகம் பற்றவைக்க விற்பது வேண்டாம். தொட்டியின் உண்மையான நீரளவுக்குக் கணக்கிட்டு 2 பிபிஎம் வரும்படி ஊற்றுங்கள். பாறை அடைத்த இடத்தைக் கழிக்க மறக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்துச் சோதித்து 2 காட்டுகிறதா என்று உறுதி செய்யுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தச் சோதனையைத்தான். மறுநாள் அதே நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார்.

நைட்ரைட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பவர்களும் உண்டு. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே மீனுக்குள் புகுவதைத் தடுக்கிறது. நன்னீரில் கொல்கிற அளவு இங்கே கொல்வதில்லை. அவர்கள் சொல்வது உண்மை. என்றாலும் நான் காத்திருப்பேன். நைட்ரைட்டைத் தின்னும் இரண்டாவது பாக்டீரியாக் கூட்டம் வேலைக்கு வந்துவிட்டதா என்பதை எனக்குச் சொல்வது அந்த எண் ஒன்றுதான்.

பூஜ்யம் வந்ததும் நைட்ரேட்டை அளந்து, அதிகமிருந்தால் நீரை மாற்றி, ஒன்றிரண்டு மீன்களோடு தொடங்குங்கள். மீன் வரத் தாமதமானால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 1 பிபிஎம் அமோனியா ஊற்றி வாருங்கள். பாக்டீரியாவைப் பட்டினி போடாதீர்கள்.