இறங்கவும் காலில் தெம்பு வேண்டும்: மலையேற்றம் பற்றி வாசகர் கேள்விகள்

எனக்கு 46 வயது. தினமும் அரை மணி நேரம் நடப்பேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் மாலைக்குள் திரும்புகிற மாதிரி ஒரு மலை சொல்லுங்கள். எப்படித் தயாராவது? (விழுப்புரம் வாசகி)

செஞ்சியை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு எங்கேயும் தேட வேண்டாம். 2025-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோட்டை அது. முதலில் கோட்டையின் மூன்று குன்றுகளில் கிருஷ்ணகிரி என்ற குன்றில் ஏறுங்கள், உயரம் குறைவு. உடம்பு ஒத்துழைத்தால் இன்னொரு வாரம் ராஜகிரிக் குன்று. அது சுமார் 800 அடி, கல் படிகள்தான், ஆனால் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு சிறு பாலம் வரும், அதைத் தாண்டி மேலே போய் நின்றால் மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதில் முழுவதும் தெரியும், அதற்காகவே ஏறலாம்.

தயாரிப்பு என்றதும் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். முட்டி நடுங்குவதும், கால் பிசகுவதும் பெரும்பாலும் இறங்கும்போதுதான், ஏனென்றால் அப்போது தொடையின் முன்தசை நீண்டபடியே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது, அந்த வேலைக்குத் தட்டையான சாலையில் நடந்த கால் பழகியிருக்காது. அதனால் மூன்று நான்கு வாரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள், இறங்குவதை நிதானமாக, கைப்பிடியை நம்பாமல் செய்யுங்கள். முட்டியில் ஏற்கெனவே வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். புது ஷூவை மலையில் முதல்முறை போடாதீர்கள். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், முந்தின நாள் கால் நகத்தை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் ஷூவில் இடித்து ரத்தம் கட்டிவிடும். அப்புறம், சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், அங்கே குரங்குகள் அதிகம்.

அரை லிட்டர் பாட்டில் போதும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? (மதுரை, கல்லூரி மாணவர்)

போதாது தம்பி. மணிக்கு அரை லிட்டர் என்று கணக்குப் போடுங்கள், வெயில் என்றால் இன்னும் கூடுதல். நான்கு மணி நேர நடைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது. நன்றாக வியர்க்கிற நாளில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்துபோகும், அதனால் ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட நீர்மோரோ, ஓஆர்எஸ் கரைசலோ இருக்கட்டும். வீட்டிலேயே கரைப்பதானால் ஒரு லிட்டருக்கு தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பாதித் தண்ணீர் தீர்ந்துவிட்டதா, உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புங்கள்.

நேரத்துக்கும் இதே கறார் வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நம் வெயிலுக்கும் பாறைக்கும் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது நல்லது. டிசம்பரில் ஆறு மணியளவிலேயே சூரியன் விழுந்துவிடும், மரங்களுக்குள் அதற்கும் முன்பே இருட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று அடிவாரத்திலேயே எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுங்கள், மேலே போனபின் பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

வீடியோவில் காட்டுப் பாதை ஒன்று பார்த்தோம். நாங்களே போகலாமா? (கோவை வாசகர்)

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். அபராதத்துக்குப் பயந்து சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காய்ந்த புல் சரிவில் தீ சூழ்ந்து 23 பேர் இறந்தார்கள், பலரும் இளைஞர்கள். காற்று அடிக்கும்போது மேட்டை நோக்கி ஏறுகிற தீயை ஓடி ஜெயிக்க முடியாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளை அறிவித்தார்கள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், இணையத்திலேயே பதிவு செய்யலாம், அந்தந்த மலை மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை எந்த வீடியோவும் சொல்லாது, அவர்கள் சொல்வார்கள். 2025-ல் தீ அபாயத்துக்காக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடினார்கள், அதனால் கோடையின் தொடக்கத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், காட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் போகிறோம். அட்டை கடித்தால்? (திருப்பூர் வாசகி)

பதற வேண்டாம். பிடுங்கி இழுக்காமல், அது ஒட்டியிருக்கும் இடத்தில் விரல் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளிவிடுங்கள். ரத்தம் உறையவிடாத ஒரு பொருளை அது உள்ளே விடுவதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி, துணியால் அழுத்திக் கட்டினால் போதும். காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொள்ளுங்கள், நின்று பேசுவதானால் புல்லில் நிற்காமல் பாறைமேல் நில்லுங்கள்.