பழைய செட்டிநாட்டு வீட்டை விருந்தினர் தங்கும் வீடாக நடத்தினால் அன்றாடம் எப்படி இருக்கும்?

காரைக்குடி பக்கம் பூட்டிக் கிடக்கும் ஐயா (தாத்தா) வீட்டை, காலைச் சாப்பாட்டோடு ஆட்கள் தங்கும் வீடாக மாற்றலாமா, தினமும் என்ன வேலை இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மனைவியும் எட்டு வருடமாக இதைத்தான் செய்கிறோம். வீடு எங்கள் ஐயாவின் அப்பா கட்டியது. விருந்தினருக்கு ஆறு அறைகள் விட்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

காலை ஐந்தரைக்குக் கதவு திறப்பதில்தான் நாள் ஆரம்பிக்கும். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை, உங்களுக்கே தெரியும். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போய்ப் பின்வாசலையும் திறந்த பிறகுதான் வீட்டுக்குள் காற்று ஓடும். அன்றைக்கு யாரும் தங்காத அறையாக இருந்தாலும் திறந்துவிடுவோம். பூட்டியே கிடந்தால் முதலில் வௌவால் வரும், அப்புறம் மேலே ஓடு நகர்ந்து ஒழுகும், அதை யாரும் பார்க்கமாட்டார்கள், உத்தரம் உளுத்துப்போன பிறகுதான் தெரியும். என்னைக் கேட்டால் இந்த வீட்டுக்கு விருந்தினர் தரும் வாடகையைவிட, அவர்களுக்காக நாம் தினமும் கதவைத் திறக்கிறோமே, அதுதான் பெரிய உதவி.

அடுப்படி என் மனைவியின் பொறுப்பு. காலையில் இடியாப்பம், இல்லாவிட்டால் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும். வெள்ளைப் பணியாரத்துக்கு அப்பத்தா சொன்ன அளவுதான் இன்றும்: ஆழாக்கு நிறையப் பச்சரிசியைத் தட்டி அளந்து, அதற்கு மேல் கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவு. நைசாக ஆட்டி, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்து, எண்ணெயில் ஒரு கரண்டி மாவு விட்டு, அது எழும்பித் திரும்பி வெந்த பிறகுதான் அடுத்த கரண்டி. பத்துப் பேருக்குச் சுட்டு முடிக்க நேரம் ஆகும். யாராவது அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்றால் முதல் நாள் ராத்திரியே கேட்டு வைத்துக்கொள்வோம்.

அறை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வளவைச் சுற்றியிருக்கும் அறைகளைப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், ஒன்று என்று பிரித்தார்களே தவிர, அவை சாமான் வைக்கவும் சாமி கும்பிடவும்தான் பெரும்பாலும் பயன்பட்டன, வெளிச்சம் குறைவு. அதில் கட்டிலைப் போட்டால் வருகிறவர்களுக்கு மூச்சு முட்டும். அதனால் நாங்கள் மாடியை மட்டும் எடுத்தோம். கரண்ட் வயரைச் சுவரை வெட்டிப் பதிக்காமல் வெளியே தெரிகிற மாதிரி மரச்சட்டத்தின் மேல்தான் ஓட்டியிருக்கிறோம். அழகு குறைவுதான், ஆனால் அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை வெட்ட எனக்கு மனசு வரவில்லை.

வெட்டாமலேயே ஒரு தடவை போச்சு. மூன்று வருடம் முன்னால் தங்கியிருந்த ஒரு குடும்பம், குழந்தையின் பிறந்தநாளுக்காக மாடி அறைச் சுவரில் பலூனை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். தெரிந்து செய்ததில்லை, நாங்களும் சொல்லி வைக்கவில்லை. மறுநாள் டேப்பை உரித்ததும் உள்ளங்கை அகலத்துக்கு மேல்பூச்சு அதோடு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன். அந்தப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது, வயது எழுபதுக்கு மேல். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரிலேயே நாள் கணக்கில் ஊறப்போட்டு, அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெல்லிசாகப் பூசினார். அப்புறம் வழவழப்பான ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார், கை நிற்கவே இல்லை. தேய்க்கத் தேய்க்கச் சுவர் பொடிப்பொடியாக வியர்த்தது. துணியால் ஒற்றச் சொன்னார். அவர் போன பிறகும் சில நாள் வியர்த்துக்கொண்டே இருந்தது, காலையும் மாலையும் நானே ஒற்றினேன். அந்த ஒரு கை அகலத்துக்கே இவ்வளவு பாடு, முழு வீட்டையும் இப்படித் தேய்த்துத்தான் எழுப்பியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது அறை காட்டும்போதே சுவரில் எதையும் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.

தரையைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். ஆத்தங்குடிக் கல், நம் பக்கத்து டைல்ஸ்தான், நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். ஆசிட் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது, வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை தேய்த்தால் போதும்.

வருமானம் மார்கழி, தை, மாசியில்தான். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் அதிகம், இரண்டு மூன்று நாள் தங்கி நடந்தே ஊரைச் சுற்றுவார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பல நாள் ஒருவர்கூட இருக்கமாட்டார்கள். ஆனால் வேலை செய்யும் மூன்று பேருக்கு அந்த மாதங்களிலும் சம்பளம் கொடுக்க வேண்டும், அதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, பங்காளிகள். செலவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதை முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து புள்ளி, எல்லாரும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட ஒன்றரை வருடம் ஆனது. படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) நடக்கும் வாரத்தில் வெளியாள் யாருக்கும் அறை கிடையாது என்பது அதில் முதல் நிபந்தனை, அது சரியும்கூட. அந்த வாரம் சென்னை, கோயம்புத்தூர், மலேசியாவிலிருந்தெல்லாம் வந்து எல்லாரும் வளவிலேயே பாய் விரித்துப் படுப்போம். பேச்சு ஒத்துவராமல் இடித்து விற்ற வீடுகளின் தூணையும் நிலைக்கதவையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தத் தெருவில் நடக்கவே கஷ்டமாக இருக்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஓடு மாற்றுகிறோம். நாட்டு ஓட்டை வரிசையாக எடுத்து, உடைந்ததைக் கழித்து, திரும்ப அடுக்க நாலு ஆளுக்குப் பத்து நாள் ஆகும். அந்தச் சமயத்தில் ஒரு நடை வந்து போங்கள். உங்கள் வீட்டுக் கூரைக்கு எவ்வளவு ஆகும் என்று அந்த ஆட்களிடமே கேட்டுவிடலாம்.